நல்ல முடிவு எது? கடைசிக் காட்சிகளைப் பற்றி ஒரு விவாதம் (கதைகள் வெளிப்படும், எச்சரிக்கை)

கடைசி இருக்கை எழுதியது:

படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தின் முதல் பேச்சே கிளைமாக்ஸைப் பற்றித்தான் இருக்கும். யார் ஜெயித்தார்கள், கொலைகாரன் யார், காதலர்கள் சேர்ந்தார்களா. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. எல்லாம் தீர்மானமான பிறகு, விளக்கு எரிவதற்கு முன் மிச்சமிருக்கும் ஓரிரு நிமிடங்களில்தான் இயக்குநர் எப்பேர்ப்பட்டவர் என்பது தெரியும்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) படத்தை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற பூக்காரப் பெண்ணின் கண் சிகிச்சைக்குப் பணம் தேடிக் கொடுத்துவிட்டு நாடோடி சிறைக்குப் போகிறான். வெளியே வரும்போது அவளுக்குப் பார்வை வந்துவிட்டது; சொந்தமாகப் பூக்கடையும் இருக்கிறது. கந்தலோடு நிற்கிறவனைக் கண்டு முதலில் சிரிக்கிறாள். பிறகு இரக்கப்பட்டு ஒரு பூவையும் ஒரு நாணயத்தையும் நீட்டுகிறாள். நாணயத்தைக் கொடுக்க அவன் கையைப் பிடிக்கிறாள். அவன் முகத்தை அவள் பார்த்ததில்லை, ஆனால் அந்தக் கையை அவளுக்குத் தெரியும். விரல்கள் கையிலிருந்து சட்டைக்கு ஏற ஏற, அவள் முகத்திலிருந்து சிரிப்பு வடிகிறது. அவன் பூவை வாயருகே வைத்துக்கொண்டு வெட்கமும் பயமுமாகச் சிரிக்கிறான். திரை இருண்டுவிடுகிறது. அவள் ஏற்றுக்கொண்டாளா? படம் வாயே திறக்கவில்லை.

இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப்போட்டால் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982). நினைவு திரும்பியவள் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டவன் அடிபட்ட உடம்போடு நடைமேடையில் ஓடிவந்து, முன்பு அவளைச் சிரிக்கவைத்த அதே குரங்குச் சேட்டையைச் செய்துகாட்டுகிறான். அவள் கண்ணுக்கு அவன் யாரோ ஒருவன். அங்கே அடையாளம் தெரிந்துவிடுகிறது, இங்கே தெரியாமலே ரயில் கிளம்பிவிடுகிறது. இரண்டு படத்திலும், நடந்தது முழுவதையும் அறிந்த சாட்சி அவனை விட்டால் நாம்தான். எழுந்துபோய் அந்த ரயில் ஜன்னலைத் தட்டி 'அம்மா, இவர் யார் தெரியுமா?' என்று கேட்டுவிடலாமா என்று கை பரபரக்கிறது அல்லவா, அந்தப் பரபரப்பை உண்டாக்குவதுதான் பெரிய முடிவு.

கதை முடிந்துவிட வேண்டும், ஆட்கள் முடிந்துவிடக் கூடாது. இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சுபம் எழுதியது:

மறுக்கத்தான் வந்திருக்கிறேன்.

நீங்கள் சொன்ன இரண்டும் நல்ல படங்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்த வாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் நம் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள் தெரியுமா? கதாநாயகன் ஜன்னல் வழியாக வெறித்துப் பார்ப்பான். மழை பெய்யும். பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். 'என்ன ஆயிற்று?' என்று கேட்டால் 'பார்வையாளரின் கற்பனைக்கு விட்டிருக்கிறோம்' என்று பதில் வரும். என் கற்பனைக்கு நான் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும்?

பழைய படங்களில் குடும்பம் மொத்தமும் ஒரே சட்டகத்தில் நின்று சிரிக்க, மேலே 'சுபம்' என்று எழுத்து விழும். அதைக் கேலி செய்யாத விமர்சகர் இல்லை. ஆனால் அந்தப் பத்துப் பேரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டுமென்றால் எழுதியவர் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்திருக்க வேண்டும். மாமனாரின் கோபம் ஏன் தணிந்தது, தம்பி எப்படித் திருந்தினான், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். திறந்த முடிவு எழுதுகிறவருக்கு அந்தத் தலைவலியே கிடையாது.

மேசை விளக்கு எழுதியது:

படத்தொகுப்பில் பிழைப்பவன். நீங்கள் இருவரும் கதையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் மேசைக்கு வரும்போது கேள்வி வேறாக இருக்கும்: எந்த நொடியில் வெட்டுவது?

'தி கிராஜுவேட்' (1967) இதற்குப் பாடப்புத்தகம். மணக்கோலத்தில் நிற்பவளைத் தேவாலயத்திலிருந்து இழுத்துக்கொண்டு ஓடி, இருவரும் ஒரு பஸ்ஸின் பின்வரிசையில் போய் விழுகிறார்கள். மூச்சு வாங்குகிறது, சிரிக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கே வெட்டியிருப்பார்கள். மைக் நிக்கோல்ஸ் கேமராவை ஓடவிட்டார். சிரிப்பு மெல்லக் கலைகிறது. அவள் அவன் பக்கம் திரும்புகிறாள், அவன் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 'சரி, இனி?' என்ற கேள்வி இரண்டு முகத்திலும் ஏறி உட்கார்கிறது. சில நொடிகள் முன்னால் வெட்டியிருந்தால் அது காதல் வென்ற படம். திரைக்கதையில் ஒரு வரிகூட மாறாமல் படத்தின் பொருளே மாறிவிட்டது.

'காசாபிளாங்கா' (1942) இன்னும் வேடிக்கை. உலகமே மேற்கோள் காட்டும் அந்தக் கடைசி வசனம் படப்பிடிப்பு முடிந்த பிறகு சேர்த்தது. தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதினார். ஹம்ஃப்ரி போகார்ட்டை மறுபடி வரவழைத்துக் குரலை மட்டும் பதிவு செய்தார்கள். இரண்டு ஆண்களும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் நடக்கிறார்கள், ஆகவே உதட்டசைவு ஒத்துப்போக வேண்டிய தொல்லை இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள். ஒட்டுப்போட்ட இடம் அது என்று சொன்னால்கூட நம்ப முடியாது.

பிறகு இசை. நடிகரின் முகம் மாறுவதற்கு முன்பே வயலின்கள் எழுந்துவிட்டால், 'இப்போது அழலாம்' என்று பார்வையாளருக்கு உத்தரவு போட்டாயிற்று. முகம் மாறி, அதைப் பார்வையாளர் தானாகக் கண்டுகொண்டு, அதற்குப் பிறகு இசை வர வேண்டும். நடுவில் இருக்கும் இடைவெளி அரை நொடிதான், 12 ஃபிரேம். அந்த 12 ஃபிரேமுக்காக இயக்குநர்களோடு மனக்கசப்பு வந்ததுண்டு.

ராட்டினம் எழுதியது:

'இன்செப்ஷன்' படத்தின் கடைசியில், நடப்பது கனவா நனவா என்று காட்டச் சுழலும் அந்தப் பம்பரத்தை யாராவது கொண்டுவருவதற்குள் ஓடிவிடுகிறேன்.

மேசை விளக்கு எழுதியது:

நானே கொண்டுவருகிறேன், ஒரே வரியில் முடித்துவிடலாம். பம்பரம் விழுந்ததா என்பதைப் பார்க்கக் கதாநாயகன் நிற்கவில்லை, பிள்ளைகளிடம் போய்விட்டான். படத்துக்கு அது போதும். 2010இலிருந்து நாம்தான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

சுபத்தோடு பாதி உடன்படுகிறேன். மூடிய முடிவுதான் கடினம். ஆனால் அது மனநிறைவு தரும் என்று அவர் நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டீபன் கிங்கின் 'தி மிஸ்ட்' குறுநாவலில், கொடிய பிராணிகள் உலவும் மூடுபனிக்குள் சிலர் காரில் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கோ யாரோ இருக்கலாம் என்ற மெல்லிய நம்பிக்கையோடு கதை நின்றுவிடும். திறந்த முடிவு. ஃபிராங்க் டாரபாண்ட் 2007இல் அதைப் படமாக்கியபோது கதவை அடித்துச் சாத்தினார். காரில் பெட்ரோல் தீர்ந்துபோகிறது. உள்ளே ஐந்து பேர், துப்பாக்கியில் நான்கு குண்டுகள். தந்தை தன் மகன் உட்பட நால்வரையும் சுட்டுவிட்டு, பிராணிகள் தன்னைக் கொல்லட்டும் என்று இறங்கி நின்று கத்துகிறார். பனியை விலக்கிக்கொண்டு வருவது ராணுவம். சற்று நேரம் பொறுத்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள். ஒரு முடிச்சும் பாக்கியில்லை, எல்லாம் தெளிவு. அந்தத் தெளிவைத்தான் தாங்க முடிவதில்லை. தன் கதையை மாற்றிய அந்த முடிவு கிங்குக்கே பிடித்திருந்தது.

நம்மிடம் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) இருக்கிறது. ஊர் திரண்டு சுந்தரவடிவேலை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. படம் முழுக்க அவன் செய்த கொடுமைகளைப் பார்த்துவிட்டு நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் நிற்கிறோம். அவன் கெஞ்சவில்லை. இதுவரை நீங்கள் எல்லாரும் நல்லவர்களாக இருந்தீர்கள், இன்று உங்களையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான் என்கிற பொருளில் பேசிவிட்டு நீருக்குள் நடக்கிறான். அவனுடைய இரண்டு குழந்தைகள் ஓடிவருகிறார்கள். கெட்டவன் ஒழிந்தான், கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைகளைப் பார்த்த பிறகு கைதட்ட யாருக்காவது மனம் வருமா? நாம் கேட்ட நியாயத்தை மகேந்திரன் கொடுத்துவிட்டார், கொடுத்த கையோடு அதற்கு நம்மையும் பொறுப்பாளியாக்கிவிட்டார்.

பழைய ரீல் எழுதியது:

முடிவு என்பது ஏதோ இயக்குநர் மரத்தடியில் உட்கார்ந்து யோசித்துக் கண்டடைந்தது என்பதுபோல் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை முடிவுகள் வேறு ஆட்கள் போட்டவை என்று கொஞ்சம் பார்ப்போம்.

ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகளின்படி, குற்றவாளி தண்டனை பெறாமல் படம் முடியக் கூடாது. 'தி பேட் சீட்' என்ற நாடகத்தில் கொலைகாரச் சிறுமி தப்பிவிடுவாள், தாய்தான் இறந்துபோவாள். அதன் கொடூரமே அங்கேதான் இருக்கிறது. 1956இல் படமானபோது தாய் பிழைத்துக்கொள்கிறாள், சிறுமியை மின்னல் தாக்கிக் கொன்றுவிடுகிறது. ஆம், மின்னல்! வானமே தணிக்கை அதிகாரியாக வேலை பார்த்திருக்கிறது.

ஆர்சன் வெல்ஸின் 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' (1942) கதை பெரும் சோகம். அவர் பிரேசிலில் இருந்தபோது, வெளியீட்டுக்கு முன் பார்வையாளருக்குப் போட்டுப் பார்த்த முன்னோட்டக் காட்சியில் படம் எடுபடவில்லை என்று ஸ்டூடியோ 40 நிமிடத்துக்கும் மேல் வெட்டி எறிந்தது. நம்பிக்கையூட்டும் புது முடிவொன்றை வேறு ஆட்களை வைத்து எடுத்து ஒட்டியது. வெட்டிய பகுதிகளை அழித்தும்விட்டார்கள். வெல்ஸின் முடிவை இனி யாரும் பார்க்க வழியில்லை.

'பிளேடு ரன்னர்' (1982) அந்த அளவுக்குப் பரிதாபமில்லை. படம் முழுக்க இருட்டும் மழையுமாக இருந்துவிட்டு, கடைசியில் காதலர்கள் பச்சைப் பசேலென்ற மலைப்பாதையில் காரில் போவார்கள். முன்னோட்டத்தில் படம் புரியவில்லை, சோர்வாக இருக்கிறது என்று சொன்னதால் ஒட்டப்பட்டது அது. அதற்கான மலைக்காட்சிகளில் சில, ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' படத்துக்காக ஹெலிகாப்டரில் எடுத்து மிச்சம் வைத்தவை. இரவல் வானத்தின் கீழ் ஓர் இரவல் மகிழ்ச்சி. 1992இல் வந்த இயக்குநர் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். லிஃப்ட் கதவு மூடுவதோடு படம் நின்றுவிடுகிறது. பத்தாண்டு கழித்தாவது விமோசனம் கிடைத்தது.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' (1924). சீருடையே உயிர் என்று வாழ்ந்த ஹோட்டல் வாயிற்காவலரைக் கழிப்பறை வேலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவமானத்தில் குன்றிப்போய் அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பதோடு கதை முடிந்துவிட்டது. அதுவரை எழுத்தட்டைகளை ஏறக்குறைய அறவே தவிர்த்து வந்த மௌனப் படத்தில் சட்டென்று ஓர் அட்டை விழுகிறது: கதை உண்மையில் இங்கேதான் முடிய வேண்டும், ஆனால் எழுதியவர் இந்தக் கிழவர்மீது இரக்கப்பட்டு, நடக்கவே முடியாத ஒரு பின்னுரையைச் சேர்த்திருக்கிறார் என்கிற தோரணையில். அடுத்த காட்சியில் கிழவருக்கு ஒரு கோடீஸ்வரரின் சொத்து வந்து சேர்ந்து, அதே ஹோட்டலில் உட்கார்ந்து மூக்குமுட்டச் சாப்பிடுகிறார். சுபம் கேட்கும் முடிவைக் கொடுத்துவிட்டு, 'இது பொய்' என்ற சீட்டையும் அதன்மேல் ஒட்டிவிட்டார்கள்.

சுபம் எழுதியது:

அந்தக் கிழவர் சாப்பிடும் காட்சியை நான் முழு மனதோடு ரசித்தேன். பொய் என்று தெரிந்தே ரசித்தேன். அதில் என்ன குற்றம்?

தொடரும் எழுதியது:

ஒரு குறை சொல்லிவிட்டுப் போகிறேன். இப்போது வரும் பெரிய படங்களில் பாதிக்கு முடிவே கிடையாது. அடுத்த பாகத்துக்கான விளம்பரம்தான் இருக்கிறது. இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவனிடம் 'உண்மையான வில்லன் இனிமேல்தான்' என்கிறார்கள். சரி, பெயர்ப்பட்டியலையாவது அமைதியாகப் பார்க்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்தால், அது ஒரு மூலைக்குச் சுருங்கிவிடுகிறது. அடுத்த படம் தானாக ஓடத் தயாராகிறது. அழுத கண்ணைத் துடைக்க ஐந்து நொடிதான் தருகிறார்கள்.

கடைசி இருக்கை எழுதியது:

பெயர்ப்பட்டியல் ஓடும் நேரமும் முடிவின் பகுதிதான், நூற்றுக்கு நூறு உண்மை. அதை விழுங்குகிறவர்களுக்குப் படம் என்பது எண்ணிக்கை மட்டுமே.

நீலக்குறிஞ்சிக்கு வருகிறேன். உங்கள் இரண்டு எடுத்துக்காட்டும் என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கின்றன. ஆற்றில் இறங்கியவன் கதை முடிந்துவிட்டது. கரையில் நிற்கும் ஊர்க்காரர்களின் கதை? இனி அவர்கள் எந்த முகத்தோடு ஒருவரையொருவர் பார்ப்பார்கள்?

'நாயகன்' (1987) படத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பேரன் கேட்கிறான், நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று. பெரியவர் வேலு தெரியவில்லை என்கிறார். இரண்டரை மணி நேரமாக நாம் மனதுக்குள் நடத்திவந்த விசாரணையை ஒரு சிறுவன் வாய்விட்டுக் கேட்டுவிட்டான். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவருக்கே தீர்ப்பு தெரியவில்லை. பிறகு வரும் குண்டு கதையை மூடுகிறது. கேள்வியை மூட அந்தக் குண்டால் முடியவில்லை.

இடைவேளை எழுதியது:

அங்கேதான் எனக்கு வழக்கு. அந்தக் குண்டு எதற்கு? பேரனிடம் சொன்ன பதிலோடு நிறுத்தியிருந்தால் படம் எங்கேயோ போயிருக்கும். கத்தி எடுத்தவன் கத்தியால்தான் சாவான் என்கிற பழைய கணக்கைத் தீர்க்கத்தான் அவரைச் சுடுகிறார்கள். பழைய ரீல் சொன்ன 1934 விதி காகிதத்தில் ஒழிந்தாலும் எழுதுகிறவர்கள் மண்டைக்குள் இன்னும் இருக்கிறது.

நீலக்குறிஞ்சி எழுதியது:

இல்லை, சுட்டவன் யார் என்பதைப் பாருங்கள். வேலு கொன்ற போலீஸ்காரரின் மகன். புத்தி வளர்ச்சி குன்றியவன். வேலுவே ஆதரித்து வளர்த்தவன். நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டது, ஊர் கொண்டாடுகிறது. அந்த நேரத்தில் அவருடைய நல்ல காரியமும் கெட்ட காரியமும் ஒரே ஆளின் உருவில் வந்து நிற்கின்றன. 'தெரியவில்லை' என்ற பதிலுக்கு அதைவிடப் பொருத்தமான விளக்கம் எது? யாரோ எதிரிக் கும்பல்காரன் சுட்டிருந்தால் நீங்கள் சொல்வது சரி.

இடைவேளை எழுதியது:

அந்த விளக்கம் தேவையா என்பதுதான் என் கேள்வி. 'தெரியவில்லை' என்று சொன்ன பிறகு நான் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்வேன்.

மேசை விளக்கு எழுதியது:

இருவருக்கும் ஒரு சேதி. எந்தக் கடைசிக் காட்சியும் கடைசியில் உருவாவதில்லை. கடைசி இருக்கை சொன்ன அந்தக் குரங்குச் சேட்டையையே பாருங்கள். முதல் முறை வரும்போது அது வெறும் விளையாட்டு, கதைக்கு அவசியமில்லாததுபோல்கூடத் தோன்றும். 'நீளம் அதிகம், குறைக்கலாம்' என்று எங்கள் மேசையில் முதலில் கைவைப்பது இப்படிப்பட்ட காட்சிகளில்தான். அங்கே இரண்டு நிமிடத்தை வெட்டியிருந்தால், ரயில் நிலையத்தில் அவன் என்ன செய்கிறான் என்றே நமக்குப் புரிந்திருக்காது. அவளைப்போலவே நாமும் விழித்திருப்போம். முடிவு சரியில்லை என்று ஒரு படம் எங்களிடம் திரும்பி வரும்போது, பெரும்பாலும் நாங்கள் திறப்பது முதல் பாதியை.

சிரிப்பொலி எழுதியது:

என்ன எல்லாரும் அழுகைப் படமாகவே அடுக்குகிறீர்கள்? 'சம் லைக் இட் ஹாட்' (1959) இருக்கிறதே. பெண் வேடத்தில் இருப்பவனைத் திருமணம் செய்தே தீருவேன் என்று ஒரு பணக்காரர் படகோட்டிக்கொண்டு போகிறார். அவன் ஒவ்வொரு காரணமாகச் சொல்லிப் பார்க்கிறான். எதற்கும் அவர் மசியவில்லை. கடைசியில் பொய்முடியைக் கழற்றி வீசி, நான் ஆண் என்று கத்துகிறான். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. குறையில்லாதவர் யார் இருக்கிறார்கள் என்கிறார். படம் முடிந்தது. வேறு நல்ல வசனம் கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று இயக்குநர் வைல்டரும் அவரோடு சேர்ந்து எழுதிய டயமண்டும் தற்காலிகமாக எழுதி வைத்த வரி அது. கிடைக்கவில்லை, நல்லவேளை.

நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் கடைசிப் பத்து நிமிடத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டு நீதி சொல்ல ஆரம்பித்துவிடும். எல்லாரும் திருந்துவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். இதில் யாரும் திருந்தவில்லை. என்னைக் கேட்டால் அழவைத்து அனுப்புவதைவிட இது பல மடங்கு சிரமம்.

சுபம் எழுதியது:

இவ்வளவு நேரம் நீங்கள் சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். வேலு செத்தார். சுந்தரவடிவேல் செத்தான். ரயில் போய்விட்டது. எல்லாமே மூடிய கதைகள். திறந்த முடிவைப் புகழ்ந்துகொண்டே நீங்கள் அத்தனை பேரும் சாத்திய கதவுகளையே காட்டியிருக்கிறீர்கள். ஆட்கள் மனதில் தொடர்வது வேறு விஷயம். அது எந்த நல்ல படத்துக்கும் நடக்கும், நடுவிலேயே நடக்கும். முடிவுக்கு அதில் தனிப் பெருமை இல்லை.

கடைசி இருக்கை எழுதியது:

அப்படியானால் சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) உங்கள் கணக்கில் எங்கே வரும்? மனைவியின் மனம் வேறொருவனிடம் போனதை அறிந்த கணவன் வாசலில் நிற்கிறான். அவள் கை நீட்டுகிறாள், அவனும் நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்குள் காட்சி அப்படியே உறைந்துவிடுகிறது. சேர்ந்தார்களா, இல்லையா?

சுபம் எழுதியது:

சேரவில்லை. உறைந்த கைகளுக்குப் பிறகு திரையில் என்ன எழுத்து விழுகிறது என்று பாருங்கள்: தாகூரின் மூலக்கதையின் தலைப்பு, 'நஷ்டநீர்'. குலைந்த கூடு. ராயே தீர்ப்பை எழுதிக் காட்டிவிட்டார். எனக்கு அது போதும்.

கடைசி இருக்கை எழுதியது:

கூடு குலைந்தது உண்மை. அதனால்தான் அவன் நீட்டிய கைக்கு மதிப்பு. குலைந்த வீட்டுக்குள் அவன் போகிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

சுபம் எழுதியது:

போகட்டும். எனக்குப் படவில்லை.